எந்த மாத்திரைக்குப் பிறகு?

சித்தூர் வட்டாரத்து நகரியில் விசைத்தறி ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது நாற்பது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. மாலையானால் கொஞ்சம் குடி. விடாத இருமல், சளியில் ரத்தம் என்று அரசு ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு டி.பி. என்று தெரிந்து, மாத்திரை தொடங்கியாயிற்று. இரண்டாம் மாதம் காய்ச்சல் நின்றது, பசி எடுத்தது, எடை ஏறியது. அப்பாடா என்று வீடு மூச்சுவிட்ட நேரத்தில் அவருக்குத் தூக்கம் போயிற்று. சாம்பாரில் மனைவி எதையோ கலக்கிறாள் என்றார். தறிச் சத்தத்துக்குள் யாரோ தன் பெயரைச் சொல்லித் திட்டுவது கேட்கிறது என்றார்.

அந்த வட்டாரத்தில் இதற்கு வழி தெரியாதவர்கள் இல்லை. ஜாதகத்தைப் பார்த்தால் காளஹஸ்தியில் ராகு-கேது பூஜை. காத்து கருப்பு என்று பட்டால் சோளிங்கர் போய்த் தக்கான் குளத்தில் முழுக்கு, பிறகு ஆஞ்சநேயர் மலை. மதனப்பள்ளிப் பக்கத்துக்காரர்களுக்கு போயகொண்டா கங்கம்மாவின் தீர்த்தம். கொஞ்சம் படித்தவர்கள் வீட்டில் ‘குடியை நிறுத்தினதால இருக்கும்’ என்பார்கள். அந்த ஊகத்தை ஒதுக்கிவிட முடியாது. குடியைச் சட்டென்று நிறுத்தினாலும் இப்படி ஆகும்.

நம் நெசவாளி கற்பனை மனிதர். அவருக்கு நேர்ந்ததில் கற்பனை இல்லை. டி.பி.க்குக் கொடுக்கப்படும் ஐசோனியாசிட் என்ற மாத்திரை, அரிதாகச் சிலருக்கு, இதே வரிசையில் இதே தொந்தரவுகளைத் தரும் என்று எழுபது ஆண்டுகளாக மருத்துவ இதழ்கள் பதிவுசெய்து வருகின்றன. காளஹஸ்திக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. போகிற வழியில் யாராவது ஒருவர் ஒரு கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்: இது எந்த மாத்திரைக்குப் பிறகு தொடங்கியது?

அந்தக் கேள்வியின் வரலாற்றுக்கு சித்தூர் மண்ணிலேயே ஓர் இடம் இருக்கிறது. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு வெளியே, ஆரோக்கியவரம். பல கிறிஸ்தவ மிஷன்கள் சேர்ந்து நடத்திய காசநோய் சானடோரியத்தை டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் கிறிஸ்டியன் ஃபிரிமோட்-மோல்லர் அங்கே கட்டி வளர்த்தார். 1915 முதல் தென்னிந்தியா முழுவதிலிருந்தும் நோயாளிகள் வந்தார்கள். மேட்டு நிலத்தின் வறண்ட காற்று, ஓய்வு, முட்டை, பால்: அன்றைய வைத்தியம் அவ்வளவுதான். இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி 1948-ல் முதன்முதலாகப் போடப்பட்ட இடங்களில் மதனப்பள்ளியும் ஒன்று.

சானடோரியத்தில் மருந்து இல்லாவிட்டாலும் வேறொன்று இருந்தது. இருபத்து நான்கு மணி நேரமும் யாராவது நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரவில் ஒருவர் தூங்காமல் நடந்தால் நர்ஸ் குறித்துவைப்பார். நேற்று வரை அமைதியாக இருந்தவர் இன்று சத்தம் போட்டுப் பேசினால் வார்டு முழுக்கத் தெரியும். மருந்துகள் வந்தபோது அவை மனத்தில் செய்யும் வேலை முதலில் கண்ணில் பட்டதும் இப்படிப்பட்ட வார்டுகளில்தான்.

ஐசோனியாசிட் 1912-லேயே பிராகில் ஹான்ஸ் மேயர், ஜோசப் மாலி என்ற இரு வேதியியலாளர்களால் தயாரிக்கப்பட்டுவிட்டது. எதற்குப் பயன்படும் என்று அவர்களுக்குத் தெரியாது. நாற்பது ஆண்டு அலமாரியில் கிடந்த அந்தப் பொருள் காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்பது 1950-களின் தொடக்கத்தில்தான் தெரிந்தது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் உள்ள ஸீ வியூ மருத்துவமனையில் அதையும், அதன் உறவுப்பொருளான ஐப்ரோனியாசிடையும் சாவின் விளிம்பில் இருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1952-ல் வெளியான புகைப்படங்கள் உலகப் புகழ் பெற்றவை. எழுந்து நிற்கவே முடியாதிருந்தவர்கள் வார்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பிழைத்த சந்தோஷம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் நுரையீரல் தேறுவதற்கு முன்பே சிலர் முகம் மலர்ந்துவிட்டது. ஐப்ரோனியாசிட் எடுத்தவர்களிடம் அது அளவுக்கு மிஞ்சியும் போயிற்று. மூளையில் செரட்டோனின், நார்அட்ரினலின் போன்ற பொருள்களைச் சிதைக்கும் மோனோஅமீன் ஆக்சிடேஸ் என்ற நொதியை அந்த மருந்து முடக்குகிறது என்று எர்ன்ஸ்ட் ஆல்பர்ட் செல்லர் அதே 1952-ல் காட்டினார். ஐந்தாண்டு கழித்து நேதன் கிளைன் என்ற மனநல மருத்துவர் அதையே மனச்சோர்வுக்குக் கொடுத்தார். உலகின் முதல் மனச்சோர்வு மருந்துகளில் ஒன்று காசநோய் வார்டில் கிடைத்த பக்கவிளைவு. கல்லீரலைக் கெடுத்ததால் பின்னர் அது கைவிடப்பட்டது. ஐசோனியாசிட் இன்றைக்கும் டி.பி. சிகிச்சையின் முதுகெலும்பு.

அதே ஐசோனியாசிட் சிலரை ஏன் சந்தேகத்திலும் குரல்களிலும் தள்ளுகிறது? விடையின் பெரும்பகுதி வைட்டமின் பி6-ல் இருக்கிறது. பைரிடாக்சின் என்பது அதன் மருத்துவப் பெயர். நரம்பணுக்கள் ஓயாமல் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டிருக்க, அந்தத் தூண்டலை அடக்கிவைக்கும் முக்கியமான பொருள் காபா. காபாவைத் தயாரிக்கும் நொதிக்கு பி6 துணை வேண்டும். ஐசோனியாசிட் பி6-ஐப் பிடித்துக்கொண்டு சிறுநீரோடு வெளியேறுகிறது, பி6 சார்ந்த நொதிகளின் வேலையையும் கெடுக்கிறது. பி6 குறைந்தால் காபா குறையும். காபா குறைந்தால் அடக்குவார் இல்லை. அளவுக்கு மீறி ஐசோனியாசிடை விழுங்கியவருக்கு நிற்காத வலிப்பு வருவதும், அதற்கு மாற்றாக விழுங்கிய அளவுக்கு ஈடான பைரிடாக்சினை ஊசியாகப் போடுவதும் இதனால்தான். வழக்கமான அளவில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏற்கெனவே பி6 இருப்பு குறைந்தவர்கள்தான் தடுமாறுகிறார்கள்: குடிப்பவர்கள், சரியாகச் சாப்பிடாதவர்கள், சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், சிறுநீரகம் பழுதானவர்கள். நம் நெசவாளிக்கு இந்தப் பட்டியலில் முதல் இரண்டும் பொருந்தும்.

இன்னொரு காரணம் பிறப்பிலேயே அமைவது. ஐசோனியாசிடைக் கல்லீரல் செயலிழக்கச் செய்யும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு மரபணு அதைத் தீர்மானிக்கிறது. மெதுவாகச் செய்பவரின் ரத்தத்தில் ஒரே மாத்திரை அதிக நேரம், அதிக அளவில் தங்கும். தென்னிந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்த மெதுவான ரகம். சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தின் ஆய்வாளர்கள்தான் இதை நம் மக்களிடம் பொறுமையாக அளந்து பார்த்தார்கள். அதிக அளவு ஐசோனியாசிட் எடுத்தவர்களில் கைகால் எரிச்சலும் மரத்துப்போதலும் மெதுவான ரகத்தாருக்கே கூடுதலாக வந்ததை அவர்கள் கண்டார்கள். மிகச் சிறிய அளவு பைரிடாக்சின் அதைத் தடுத்தது. இன்று டி.பி. மாத்திரையோடு சிலருக்குத் தனியாக ஒரு சிறு வைட்டமின் மாத்திரை தருகிறார்களே, அதற்குப் பின்னால் இந்த வேலை இருக்கிறது. ‘சத்து மாத்திரைதானே’ என்று அதை மட்டும் விட்டுவிடுபவர்கள் ஏராளம்.

அந்தச் சென்னை மையம் செய்த பெரிய காரியம் வேறு. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப்பேரை சானடோரியத்திலும் பாதிப்பேரை அவரவர் குடிசையிலும் வைத்து ஓராண்டு அதே மருந்தைக் கொடுத்தார்கள். 1959-ல் வெளியான முடிவு உலகத்தையே மாற்றியது. நல்ல சாப்பாடும் ஓய்வும் நர்ஸும் இல்லாத குடிசையிலும் நோய் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமாயிற்று. வீட்டில் இருந்தவர்களுக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. மதனப்பள்ளிக்காரர்களும் சுற்றுக் கிராமங்களில் வீட்டுச் சிகிச்சையைச் சோதித்துப் பார்த்தார்கள். சானடோரியங்கள் மெல்லக் காலியாயின. இருபதாம் நூற்றாண்டில் தமிழ் மண் மருத்துவத்துக்குத் தந்த ஆகப் பெரிய கொடை இதுதான் என்று நான் சொல்வேன்.

ஆனால் நோயாளி வீட்டுக்குப் போனபோது, இரவில் குறிப்பெழுதிய நர்ஸ் கூடப் போகவில்லை. அந்த வேலை மனைவிக்கும் அம்மாவுக்கும் மகனுக்கும் வந்து சேர்ந்தது. எதைக் கவனிக்க வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள் என்று சொல்கிறார்கள். கண் மஞ்சளானால் உடனே வாருங்கள் என்கிறார்கள். தூக்கம் போனால், காரணமில்லாமல் சந்தேகம் வந்தால், சாக வேண்டும் என்று பேசினால் வாருங்கள் என்று சொல்லிக் கேட்டவர்கள் குறைவு.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த ஒரு வாக்கியம் சொல்லப்படாததால் விளையும் கேடு பெரிது. ‘மாத்திரைதான் மண்டையைக் குழப்புது’ என்று நோயாளி தானாகவே கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வார்? மாத்திரையை நிறுத்திவிடுவார். பாதியில் நிறுத்தினால் நோய், மருந்துக்கு அடங்காத டி.பி.யாகத் திரும்பலாம். அதற்குக் கொடுக்கும் இரண்டாம் வரிசை மருந்துகளில் ஒன்று சைக்ளோசெரின். ஐசோனியாசிட் மனத்தைத் தொடுவது அரிது. சைக்ளோசெரின் விஷயம் அப்படியில்லை. அதை எடுப்பவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு மனநலக் கோளாறு வருகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மனச்சோர்வு, எரிச்சல், பிரமை, சில சமயம் தற்கொலை எண்ணம்.

சைக்ளோசெரின் வேலைசெய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்த பாடங்களில் ஒன்று. காசநோய்க் கிருமி தன் சுவரைக் கட்ட டி-அலனைன் என்ற அமினோ அமிலம் வேண்டும். சைக்ளோசெரின் உருவத்தில் அதைப் போலவே இருக்கும் கள்ளச்சாவி. சுவர் கட்டும் நொதியில் போய் உட்கார்ந்து வேலையை நிறுத்திவிடுகிறது. மனித உயிரணுவுக்கு அப்படிச் சுவரே கிடையாது. ஆகவே நமக்குத் தீங்கு இருக்கக்கூடாது. ஆனால் நம் மூளையில், நினைவுக்கும் கற்றலுக்கும் அடிப்படையான என்.எம்.டி.ஏ. என்ற ஏற்பி, கிளைசினும் டி-செரினும் வந்து பொருந்துவதற்கென்று ஓர் இடம் வைத்திருக்கிறது. டி-அலனைனுக்கு நெருங்கிய சொந்தங்கள் இவை. அதே கள்ளச்சாவி இங்கேயும் நுழைகிறது, பாதி மட்டும் திருப்புகிறது. குறைந்த அளவில் ஏற்பியைச் சற்றே தூண்டும், அதிக அளவில் அதன் வேலையைக் குறைக்கும். குறைந்த அளவு சைக்ளோசெரினைக் கொடுத்து, உயரத்துக்கு அஞ்சுகிறவர்களின் அச்சத்தைப் போக்கும் பயிற்சியை விரைவுபடுத்த முடியுமா என்றுகூட 2004-ல் அமெரிக்காவில் சோதித்திருக்கிறார்கள். மருந்தின் அளவு மாறினால் மனத்தின் போக்கும் மாறுகிறது.

வலிப்பு நோயோ கடுமையான மனச்சோர்வோ உள்ளவருக்கு சைக்ளோசெரின் கூடாது என்பது விதி. எனவே தொடங்குவதற்கு முன் ‘முன்பு எப்போதாவது மனசு சரியில்லாமல் இருந்திருக்கிறதா?’ என்று மருத்துவர் கேட்டாக வேண்டும். நெரிசலான புறநோயாளிப் பிரிவில், பின்னால் பத்துப்பேர் நிற்க, இந்தக் கேள்விக்கு யார்தான் ஆமாம் என்பார்கள்? கேட்கும் இடமும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை நம் மருத்துவமனைகள் இன்னும் ஏற்கவில்லை.

ஓர் ஆறுதல் உண்டு. மருந்துக்கு அடங்காத டி.பி.க்கான புதிய ஆறு மாத மருந்துக் கூட்டுக்கு 2024 செப்டம்பரில் இந்திய அரசு ஒப்புதல் தந்தது. பெடாகுலின், பிரெடோமானிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்ஸசின். சைக்ளோசெரின் இதில் இல்லை. ஆனால் லினசோலிட் இருக்கிறது. 1952-ல் செல்லர் கண்ட அதே மோனோஅமீன் ஆக்சிடேஸை அது லேசாக முடக்கும். மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் அதை மறைத்தால், இரண்டும் சேர்ந்து செரட்டோனினை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடலாம். காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று அது வெளிப்படும். மாக்ஸிஃப்ளாக்ஸசின் வகை மருந்துகளின் எச்சரிக்கைச் சீட்டில் கவனச்சிதறல், பதற்றம், நினைவுக் குறை, மனக்குழப்பம் ஆகியவற்றை இன்னும் தெளிவாக எழுதச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் உத்தரவிட்டது.

டி.பி.யை விட்டு ஸ்டீராய்டுக்கு வருவோம். திருப்பதி ரூயாவிலோ ஸ்விம்ஸிலோ, எல்லை தாண்டி வேலூர் சி.எம்.சி.யிலோ எந்த வார்டில் நுழைந்தாலும் பிரெட்னிசலோன் எடுக்கும் ஒருவர் இருப்பார். ஆஸ்துமா, முடக்குவாதம், லூபஸ், சிறுநீரகத்தில் புரதம் போதல், தொழுநோயில் திடீரென்று வரும் வீக்கம் என்று அதற்கு ஆயிரம் வேலை. அது வராவிட்டால் பிழைத்திருக்க மாட்டார்கள் என்று சொல்லத்தக்கவர்கள் லட்சக்கணக்கில் உண்டு. மனத்தின் மேல் அதற்குள்ள ஆட்டத்தை 1972-ல் பாஸ்டன் ஆய்வொன்று எண்ணிக் காட்டியது. ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் அல்லது அதற்குக் குறைவாக, இதே வகை ஸ்டீராய்டான பிரெட்னிசோன் எடுத்தவர்களில் 1.3 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு வந்தது. 41 முதல் 80 வரை எடுத்தவர்களில் 4.6. எண்பதைத் தாண்டியவர்களில் 18.4. அளவு ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. இவ்வளவு சுத்தமான படிக்கட்டு மருத்துவத்தில் அடிக்கடி கிடைக்காது.

பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கும். ஆரம்பத்தில் யாருக்கும் இது நோயாகவே படாது, அதுதான் சிக்கல். மூட்டு வலியில் சுருண்டு கிடந்த அத்தை விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வீட்டைக் கழுவுகிறாள், மாங்கொட்டை அளவு தங்கம் வாங்குவேன் என்கிறாள், பேச்சு நிற்பதில்லை. ‘மருந்து நல்லா வேலை செய்யுது’ என்று வீடு மகிழ்கிறது. நீண்ட காலம் எடுப்பவர்களிடம் இது தலைகீழாகி, மனச்சோர்வாகக் கவியும். உடனே மாத்திரையைத் தூக்கி எறிவது இங்கே இன்னும் ஆபத்து. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் மருத்துவர் சொல்லி. சீட்டில்லாமல் மெடிக்கல் ஷாப்பில் ‘வலி மாத்திரை’ என்று வாங்கித் தின்பவருக்கு, தான் ஸ்டீராய்டு எடுக்கிறோம் என்பதே தெரியாது. பிறகு எந்த மாத்திரைக்குப் பிறகு என்று கேட்டால் என்ன பதில் சொல்வார்?

மற்றவற்றை வேகமாகக் கடக்கலாம். மலேரியாவுக்கான மெஃப்ளோகுவினுக்கு 2013-லும், குழந்தைகளின் மூச்சிரைப்புக்குத் தரும் மாண்டெலுகாஸ்டுக்கு 2020-லும் அமெரிக்காவில் மனநலம் பற்றிய கட்டம் கட்டிய எச்சரிக்கை வந்தது. எச்.ஐ.வி.க்குத் தந்த எஃபாவிரென்ஸ் கெட்ட கனவுகளுக்குப் பேர்போனது. பார்க்கின்சன் மாத்திரைகளில் சிலவற்றால், சீட்டாட்டத்தின் பக்கமே போகாத பெரியவர்கள் பணத்தை வைத்துச் சூதாடத் தொடங்கியதுண்டு. வயதானவர்களுக்கோ சாதாரணச் சளி மாத்திரையும் அரிப்பு மாத்திரையும் போதும், ராத்திரியில் செத்துப்போன அண்ணனோடு பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மருந்துக்கு மேல் வீண் பழியும் விழும். நம் சர்ப்பகந்தா வேரையே பாருங்கள். அது ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை பம்பாயின் ருஸ்தம் ஜால் வகீல் 1949-ல் ஆங்கில இதழில் எழுதி உலகறியச் செய்தார். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தது. சில ஆண்டுகளில், பிரஷருக்கு ரெசர்பின் எடுத்தவர்கள் மனச்சோர்வில் விழுகிறார்கள் என்று செய்திகள் குவிந்தன. மனச்சோர்வு என்பது மூளையில் சில பொருள்கள் குறைவதுதான் என்ற கொள்கையே பெரிதும் இதன்மேல் எழுந்தது. பின்னாளில் பழைய பதிவுகளைத் துருவியவர்கள், அவற்றில் பல வெறும் அசதியும் மந்தமும்தான், அசல் மனச்சோர்வு என்று சொல்ல ஆதாரம் பலவீனம் என்றார்கள். புரோப்ரனலால் போன்ற இதய மாத்திரைகள் மேலும் இதே பழி பல பத்தாண்டு கிடந்தது. 2021-ல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைத் திரட்டிப் பார்த்தபோது மனச்சோர்வுக்கும் அதற்கும் தொடர்பு தென்படவில்லை; விசித்திரக் கனவுகளும் தூக்கக் கேடும் மட்டும் மிஞ்சின.

நோயே மனத்தைக் குழப்புவதும் உண்டு. டி.பி. மூளையுறைக்குப் போனால் குழப்பம். லூபஸ் மூளையைத் தொட்டால் பிரமை. ரத்தத்தில் சோடியம் குறைந்தாலோ சர்க்கரை இறங்கினாலோ உளறல். லூபஸ் நோயாளி ஸ்டீராய்டு எடுக்கும்போது மனம் பிறழ்ந்தால் மருத்துவருக்கு அது கத்திமேல் நடை: நோய்தான் காரணம் என்றால் மருந்தைக் கூட்ட வேண்டும், மருந்துதான் காரணம் என்றால் குறைக்க வேண்டும். அப்போது அவருக்கு உதவக்கூடியது ரத்தப் பரிசோதனை மட்டுமல்ல. எந்தத் தேதியில் எந்த மாத்திரை தொடங்கியது, எப்போது அளவு கூடியது, முதன்முதலில் எந்த இரவு தூக்கம் போனது என்ற கணக்கு அவருக்கு வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர்கள் உலகத்திலேயே வீட்டில் உள்ளவர்கள்தான்.

ஆகவே நம் நெசவாளியின் மனைவி செய்ய வேண்டியது இவ்வளவுதான். மாத்திரை அட்டைகளையும் சீட்டுகளையும் ஒரு பையில் போட்டு, தேதிகளை ஒரு காலண்டர் தாளில் குறித்துக்கொண்டு, மாத்திரை கொடுத்த அதே இடத்துக்கு அவரை அழைத்துப் போக வேண்டும். வைட்டமின் மாத்திரையை நிறுத்தியிருந்தால், குடித்திருந்தால், நாட்டு மருந்து சேர்த்திருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே பைரிடாக்சின் கொடுப்பார்கள், தேவைப்பட்டால் ஐசோனியாசிடை நிறுத்தி வேறு மருந்து சேர்ப்பார்கள், கொஞ்ச நாளைக்கு மனநல மாத்திரையும் தரலாம். ஐசோனியாசிடால் வந்த குழப்பம் பெரும்பாலும் நாள்களில், மிஞ்சிப்போனால் வாரங்களில் வடியும். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது; அன்றைக்கே ஆஸ்பத்திரி, இல்லையென்றால் எந்த நேரமும் 14416 என்ற டெலி-மானஸ் எண்.

நடந்ததைப் பதிவுசெய்யவும் ஓர் இடம் உண்டு: இந்திய மருந்துப் பக்கவிளைவுக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் நடந்துவருகிறது. அங்கே மருத்துவர்தான் எழுத வேண்டும் என்பதில்லை, நோயாளியோ வீட்டாரோ புகார் தரலாம். படிவம் தமிழிலும் தெலுங்கிலும் இருக்கிறது. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024.